மரத்துப் பக்கம் பன்னிரண்டு கம்பி

சுண்ணாம்பு கலக்கிக்கொண்டிருந்த என் மனைவி பாக்யலட்சுமியின் கையில் அந்தக் கறுப்புக் கம்பி முறிந்தபோது மணி காலை எட்டு இருபது. முறிந்ததும் நான் செய்த முதல் காரியம், செல்போனை எடுத்து நேரம் பார்த்ததுதான். செந்துறைக்கு அந்தப் பக்கம் பதினோரு மணிக்கு ஒரு மோட்டாரைத் தூக்கி வைக்கப் போகிறார்கள். நான் இருப்பது சிறுவாச்சூர். நடுவில் பெரம்பலூர், அரியலூர் என்று இரண்டு டவுன் கிடக்கின்றன.

போகிக்கு இரண்டு நாள் இருந்தது. வீட்டுக்குப் பெயின்ட் அடித்தாயிற்று. மாட்டுக் கொட்டகைக்கும் சுற்றுச் சுவருக்கும் மட்டும் எங்கள் வீட்டில் இன்னும் சுண்ணாம்புதான். போன பொங்கலுக்கு நீற்றியதில் மிஞ்சியதைத் தண்ணீர் ஊற்றி டிரம்மிலேயே வைத்திருந்தோம். கலக்குகிற கம்பியும் வருஷம் முழுக்க அதிலேயே நின்றது. விரல் பருமன், ஒரு கை நீளம், நுனியில் குடைப்பிடி மாதிரி ஒரு வளைவு. இரும்புக் கம்பியை விட்டுக் கலக்கினால் துரு இறங்கி, அடித்த சுவரில் பழுப்புக் கோடு வழியும். இந்தக் கம்பிக்குத் துரு கிடையாது. என் தொழிலிலிருந்து வீட்டுக்கு உருப்படியாக வந்த சாமான் இது ஒன்றுதான் என்று பாக்யலட்சுமி பலமுறை சொல்லியிருக்கிறாள்.

இப்போது அவள் கையில் நேர்த்துண்டு மட்டும் இருந்தது. வளைவு டிரம்முக்குள் அடியிலேயே தங்கிவிட்டது. கட்டியை நெம்பினேன், ஒடிந்துபோயிற்று என்று சாதாரணமாகச் சொன்னாள். நான் வாங்கிப் பார்த்தேன். முறிந்த வாயில் நூல் நூலாகப் பிரிந்து, ஊறிய தேங்காய் நார் போல் வெளுத்திருந்தது. நகத்தால் கிள்ளினேன், கையோடு வந்தது. கம்பி மொத்தமும் வீணாகிவிட்டதாக்கும் என்று நேர்த்துண்டை முழங்காலில் வைத்து வளைத்தேன். முடியவில்லை. துவைக்கிற கல்லில் ஓங்கி அடித்தேன். எகிறி வந்து என் கணுக்காலில் பட்டதே தவிர, ஒரு கீறல் விழவில்லை.

ஒரே கம்பி. ஒரே சுண்ணாம்பு. ஒரு வருஷம். நேராக இருந்த இடம் கல்லாக நிற்கிறது, வளைத்த இடம் மட்டும் செத்துவிட்டது. அதை வளைத்தவன் நான்.

தலையைத் தூக்கிக் கொட்டகை விட்டத்தைப் பார்த்தேன். அங்கே இதே கறுப்பில் பன்னிரண்டு கொக்கிக் கம்பிகள் வரிசையாகத் தொங்கின. ஒன்றில் மாட்டுக் கயிறு, ஒன்றில் வெங்காயக் கூடை, ஒன்றில் என் பழைய சட்டை. அந்தப் பன்னிரண்டும் இருக்க வேண்டிய இடம் என் வீட்டுக் கொட்டகை இல்லை.

என் பெயர் மணிவேல். கம்பி கட்டும் மேஸ்திரி. இருபத்தாறு வருஷமாக இரும்பு வளைக்கிறேன். எட்டு எம்.எம். முதல் முப்பத்திரண்டு வரைக்கும் என் கைக்கு வளையாத கம்பி இல்லை என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தவன். இந்த வாய்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

இருபது மாசத்துக்கு முன்னால் செந்துறைப் பக்கம் ஒரு வேலை. சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்துக் கைவிட்ட பழைய சுரங்கம் ஒன்று, மழைத் தண்ணீரும் ஊற்றும் சேர்ந்து ஏரியாகக் கிடக்கிறது. அதிலிருந்து நாலு ஊருக்குக் குடிதண்ணீர். சுரங்கத்தின் விளிம்பில் பம்ப் ரூம். ரூமின் வாசலிலிருந்து தண்ணீருக்கு மேலே ஐந்தடி நீட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருபதடி அகலத்துக்கு ஒரு கான்கிரீட் மேடை. மோட்டார் உட்காருவதும் ஆபரேட்டர் நிற்பதும் அதன் மேல்தான். கீழே தண்ணீர் நாற்பதடி ஆழத்தில் தெரியும். மேடைக்கு அடியில் தூணோ முட்டோ எதுவும் கிடையாது. மேல்பக்கத்துக் கம்பிகள் பின்னால் போய், வாசற்படிக்கு அடியில் இருக்கிற பீமில் கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்கின்றன. அந்தப் பிடிதான் மேடைக்கு உயிர்.

முன்பு இரும்புக் கம்பியில் கட்டிய மேடை ஏழு வருஷத்தில் துருப்பிடித்துப் பொரிந்து உதிர்ந்தது. அந்தத் தண்ணீரின் உப்பு அப்படி. அதனால் இந்த முறை பசால்ட் கம்பி போடுவது என்று முடிவானது. சைட் இன்ஜினியர் வெற்றிச்செல்வி, அரியலூர்ப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. எங்கள் ஆட்களை உட்கார வைத்துச் சொன்னார். இது எரிமலைப் பாறையை உருக்கி நூலாக இழுத்து, பிசினில் தோய்த்து இறுக்கிய கம்பி. உப்பு இதை ஒன்றும் செய்யாது. ஆனால் ஈரச் சிமென்டில் இருக்கிற காரம், சுண்ணாம்பில் இருக்கிற அதே காரம், அந்தப் பாறை நூலைத் தின்னும். நூலைக் காப்பது மேலே இருக்கிற பிசின் மட்டுமே. அது வெந்தாலோ வெடித்தாலோ உள்ளே காரம் புகுந்துவிடும். ஆகையால் இதை சைட்டில் வளைக்கக் கூடாது, கொக்கி போட்ட கம்பி தனியாகக் கம்பெனியிலிருந்தே வரும் என்றார். சுண்ணாம்பிலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கே காரத்தைப் பற்றிப் பாடமா என்று நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

முப்பது கொக்கிக் கம்பி வேண்டும். பதினெட்டு வந்தது. மீதி பன்னிரண்டு வர இன்னும் பத்து நாள் ஆகும் என்றார்கள். எனக்குப் பெரம்பலூரில் வேறு ஒரு கட்டடத்தில் திங்கட்கிழமை ஆள் இறக்கியாக வேண்டும். வெற்றிச்செல்வி இரண்டு நாள் திருச்சிக்கு ஏதோ பயிற்சிக்குப் போனார். போகும்போது என்னைப் பார்த்து, "நான் வர வரைக்கும் கை வைக்காதீங்க மேஸ்திரி, இது உங்களால வளைக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சுருக்கென்று குத்தியது. என்னால் வளைக்க முடியாதா? அன்று மத்தியானமே பிளம்பரிடமிருந்து கேஸ் டார்ச் வாங்கிவந்து, சைட்டில் மிச்சமிருந்த நேர்க்கம்பிகளை எடுத்தேன். பைப்பைச் சூடு காட்டி வளைக்கிறான் இல்லையா, அதே மாதிரி. என் ஆள் செல்லப்பன் டார்ச்சைப் பிடித்தான். முதல் கம்பி புகைந்தது, நாறியது, அப்புறம் வளைந்தது. வளையும்போது உள்ளே நறநறவென்று ஒரு சத்தம். செல்லப்பன் என் முகத்தைப் பார்த்தான். பிசின் சத்தம்தான், பேசாமல் பிடி என்றேன். அந்த முதல் கம்பி அளவு தப்பிப்போனதால் அதை வெட்டி, சுண்ணாம்பு கலக்க வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதன் பிறகு பன்னிரண்டு வளைத்தேன். கம்பியே கறுப்பு, கருகியது தெரியவில்லை. கம்பெனிக் கம்பி பதினெட்டையும் மேடையின் ஒரு பக்கத்தில் ஏற்கெனவே கட்டியாயிற்று. என் பன்னிரண்டும் மறுபக்கம், வேலிக்கருவை மரம் நிழல் விழுகிற பக்கம், மொத்தமாகப் போயின.

மூன்றாம் நாள் கான்கிரீட் லாரி வந்து நின்றபோது வெற்றிச்செல்வியும் வந்து சேர்ந்தார். கொக்கிகளை எண்ணினார், முப்பது. பன்னிரண்டும் வந்துவிட்டதா என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். ரசீது எங்கே என்றார். வாட்ச்மேனிடம் இருக்கிறது, அப்புறம் தருகிறேன் என்றேன். லாரியில் கான்கிரீட் இறுகிக்கொண்டிருந்தது. கொட்டச் சொன்னார்.

பத்து நாள் கழித்து நிஜக் கொக்கிகள் பெரம்பலூர் லாரி ஷெட்டுக்கு வந்தன. நானே போய்க் கையெழுத்துப் போட்டு எடுத்துவந்து விட்டத்தில் தொங்கவிட்டேன். தூக்கிப் போட மனசு வரவில்லை. நல்ல சாமான்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த பம்ப் ரூமில் ஆபரேட்டர் வேலைக்கு ஆள் தேவைப்பட்டபோது ஊராட்சியில் பேசி என் மனைவியின் தம்பி தர்மனைச் சேர்த்துவிட்டவனும் நான்தான். தங்கமான பையன். தினமும் எட்டு மணி நேரம் அந்த மேடையில்தான் இருப்பான். மரத்துப் பக்கம் நிழல் என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அங்கே போட்டிருக்கிறான். அவன் மனைவி செங்கமலத்துக்கு இது ஏழாம் மாசம். மத்தியானம் சோறு கொண்டுபோனால் அவளும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்புவாள். முந்தின நாள் சாயங்காலம் தர்மன் போனில் சந்தோஷமாகச் சொன்னான். அறுநூறு கிலோவில் புது மோட்டார் வந்திருக்கிறது, நாளைக்குப் பதினோரு மணிக்கு கிரேன் வைத்து மேடையில் மரத்துப் பக்கம் இறக்குகிறோம் என்று.

பாக்யலட்சுமியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. செல்லப்பன் அவசரமாகக் கூப்பிட்டான் என்று ஒரு பொய்யைப் போட்டுவிட்டு பைக்கை எடுத்தேன். பாதிச் சுவர் அடித்திருக்கிறதே, மீதியை யார் அடிப்பது என்று பின்னாலிருந்து திட்டினாள்.

வெள்ளிக்கிழமை. எங்கள் ஊர் காளி கோயிலுக்கு வந்த வண்டிகள் நெடுஞ்சாலைத் திருப்பம் வரைக்கும் நின்றன. பனியும் இன்னும் விலகவில்லை. கூட்டத்துக்குள் புகுந்து ரோட்டைப் பிடிப்பதற்குள் எட்டே முக்கால். ஓரமாக நிறுத்தித் தர்மனுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. பழைய மோட்டார் ஓடுகிற இரைச்சலில் அவனுக்குக் கேட்காது, போனைப் பையில் போட்டு உள்ளே ஆணியில் மாட்டியிருப்பான். பெரம்பலூரில் ஒருமுறை போட்டேன். பேரளி தாண்டி ஒருமுறை போட்டேன். எடுக்கவில்லை.

ஒவ்வொரு முறையும் என் போனில் தர்மன் பெயருக்குக் கொஞ்சம் கீழே 'வெற்றிச்செல்வி இன்ஜினியர்' என்ற பெயர் தெரிந்தது. ஒரு தட்டு தட்டினால் போதும், வேலை நின்றுவிடும். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்தத் தட்டோடு மணிவேல் மேஸ்திரி என்கிற பெயரும் முடிந்துவிடும். பெரம்பலூரில் இருந்து ஜெயங்கொண்டம் வரைக்கும் ஒருவரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். பயந்தேன். அதனால் பைக் ஓட்டிக்கொண்டே கதை கட்டினேன். நேரே போய்த் தர்மனைத் தனியாக அழைத்து, மோட்டாரை இந்தப் பக்கம் மாற்றி வைக்கச் சொல்லு, ஜோசியர் மரத்துப் பக்கம் ஆகாது என்கிறார் என்று சொல்லிவிடலாமா? மேடையில் வெடிப்பு பார்த்ததாகச் சொல்லலாமா? நாற்பத்தேழு வயசில் ஒருத்தன் இப்படிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சாக்குத் தேடுகிறானே என்று எனக்கே என் மேல் எரிச்சலாக வந்தது. ஆனாலும் தேடினேன்.

அரியலூர் எட்டுவதற்கு முன்னால் ரோடு நின்றது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே கிடக்க, அதன் பின்னால் சிமென்ட் லாரிகள் இரண்டு வரிசையாக நின்றன. பைக் ஆசாமிகள் எல்லோரும் நடுவில் புகுந்து சிக்கிக்கொண்டோம். எனக்கு இடதுபக்கம் ஒரு டயர், வலதுபக்கம் ஒரு டயர். முன்னாலும் நகர முடியாது, பின்னாலும் திரும்ப முடியாது. மணி ஒன்பது ஐம்பது. அப்போது போன் அடித்தது. தர்மன்தான் என்று பறந்துகொண்டு எடுத்தேன். பாக்யலட்சுமி.

"ஏங்க, கொட்டாயில தொங்குற பன்னண்டு கொக்கியும் எங்க போட வேண்டியது?"

சுற்றிலும் ஹாரன் சத்தம். கேட்காத மாதிரி கட் பண்ணியிருக்கலாம். என்னால் முடியவில்லை.

"தம்பி நிக்கிற மேடையில போட வேண்டியதா?"

"ஆமா."

"அப்ப அங்க போட்டது இந்த முறிஞ்சதுதானா?"

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அது எனக்குப் பழக்கம். டிரம்முக்குள் கையை விட்டு முறிந்த வளைவை எடுத்துப் பார்த்திருக்கிறாள். அதை வைத்துக்கொண்டு மேலே பார்த்திருக்கிறாள். மேடை திறந்த அன்று அவளும் வந்து அந்தக் கறுப்புக் கம்பிகளின் மிச்சத்தைப் பார்த்தவள்தான். என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. போனை வைத்துவிட்டாள்.

நான் அடுத்த நிமிஷம் வெற்றிச்செல்விக்குப் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"மேடம், சிறுவாச்சூர் மணிவேல் பேசுறேங்க. கம்பி மேஸ்திரி."

"சொல்லுங்க மேஸ்திரி."

"செந்துறை மேடையில பன்னண்டு கொக்கி கம்பெனிது இல்லங்க. நான் சைட்லயே சூடு காட்டி வளைச்சது. நீங்க கேட்டப்ப பொய் சொல்லிட்டேன்."



"எந்தப் பக்கம்?"

"மரத்துப் பக்கம் பூரா அதுதாங்க."

போன் கட்டாகிவிட்டது. திட்டவில்லை, வேறு கேள்வி கேட்கவில்லை. அவர் அங்கே யாரையாவது பிடிக்கிறாரா, அங்கே போன் கிடைக்கிறதா, எனக்கு எதுவும் தெரியவில்லை. லாரி டிரைவர் ஒருவரைக் கெஞ்சி அவர் வண்டியை ஒரு முழம் பின்னால் எடுக்கச் சொல்லி, ரோட்டோரப் பள்ளத்தில் பைக்கை இறக்கி, முள்ளுக்குள் தள்ளிக்கொண்டே வெளியே வந்தேன். கையெல்லாம் கிழிந்தது. டவுனைத் தாண்டி செந்துறை ரோட்டில் எவ்வளவு வேகம் போனேன் என்று எனக்கே தெரியாது.

சுரங்கத்து மண் ரோட்டில் ஏறும்போது மணி பத்து ஐம்பத்தைந்து. தூரத்திலேயே கிரேனின் கை தெரிந்தது. அதன் நுனியில் பச்சைப் பெயின்ட் அடித்த புது மோட்டார், மேடையின் மரத்துப் பக்கத்துக்கு நேர் மேலே, ஆள் உயரத்தில் தொங்கியது. அதற்கு அடியில், மோட்டார் ஆடாமல் இருக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தர்மன் நின்றான்.

பைக்கைப் போட்டுவிட்டு ஓடினேன். சூப்பர்வைசர் அறிவரசன் என்னை மறித்து, மேடம் போன் இப்போதுதான் கிடைத்தது, இறக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டது, அதற்குள் சிக்னல் போய்விட்டது, அதனால்தான் தொங்கவிட்டு நிறுத்தி வைத்திருக்கிறோம், என்ன விஷயம் என்று கேட்டான். நான் அவனைத் தள்ளிக்கொண்டு பம்ப் ரூமுக்குள் நுழைந்தேன். மேடையின் மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த பழைய மோட்டாரின் இரைச்சலில் காது அடைத்தது. மேடைக்குப் போகிற வாசலில் வந்து நின்றேன். ஒரு கால் படியைத் தாண்டப் போனது. பின்னால் இழுத்துக்கொண்டேன். நானும் ஏறினால் எழுபது கிலோ கூடும்.

தர்மா என்று கத்தினேன். கேட்கவில்லை. இரண்டு கையையும் ஆட்டினேன். என்னைப் பார்த்துவிட்டான். சிரித்தான். மாமா வந்திருக்கிறார் என்று அவனுக்குப் பெருமை, மேலே தொங்குகிற மோட்டாரைக் கண்ணால் காட்டினான். வா, வா என்று கையைக் காட்டினேன். கயிற்றை விட்டால் மோட்டார் சுவரில் மோதிவிடும் என்று சைகை காட்டினான். அவன் பொறுப்பான ஆள், அதுதான் சிக்கல். அந்த நேரம் மோட்டார் லேசாகச் சுழன்று ஒரு பக்கம் நகர, அதைப் பிடிக்க அவன் மேடையின் விளிம்புக்கே போய் முழு பலத்தையும் காலில் கொடுத்து இழுத்தான். வாசற்படியில் நான் வைத்திருந்த உள்ளங்காலுக்கு அடியில் ஏதோ நறநறத்தது. சத்தம் கேட்கவில்லை. காலில்தான் தெரிந்தது. அந்த நறநறப்பை நான் ஏற்கெனவே ஒருமுறை கையில் உணர்ந்திருக்கிறேன்.

வாசல் நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உடம்பை முழுக்க நீட்டி, மறுகையால் கயிற்றின் வாலை எட்டிப் பிடித்து, என் பக்கம் வெட்டி இழுத்தேன். கயிற்றோடு அவனும் தடுமாறி வந்தான். அவன் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டேன். இரண்டு பேரும் பம்ப் ரூம் தரையில் விழுந்தோம். அவன் நெற்றி குழாய் வால்வில் இடித்து ரத்தம் வந்தது. மாமனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் அவன் நினைத்திருப்பான். நான் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கவே விடவில்லை.

பத்து நிமிஷத்தில் வெற்றிச்செல்வி வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் கிரேனைத் திருப்பி மோட்டாரை லாரியிலேயே வைக்கச் சொன்னார். பழைய மோட்டாரை நிறுத்தச் சொன்னார். அப்புறம் உளியையும் சுத்தியலையும் என் முன்னால் போட்டார். உடைங்க என்றார்.

அறிவரசனுக்குக் கோபம். இருபது மாசமாக அசையாமல் நிற்கிற மேடை, எங்கேயும் வெடிப்பு இல்லை, ஒரு கம்பி மேஸ்திரி ஏதோ உளறினான் என்று படியை உடைப்பதா என்று முணுமுணுத்தான். நான் வாசற்படிக்கு அடியில் பீமின் தலையை, முதலில் கம்பெனிக் கம்பி இருக்கிற பக்கம் உடைத்தேன். அரைமணி நேரத்தில் கொக்கி தெரிந்தது. கறுப்பாகப் பளபளவென்று, நேற்றுப் போட்ட மாதிரி இருந்தது. வெற்றிச்செல்வி உளியால் தட்டிப் பார்த்தார். கணீரென்றது. அறிவரசன் பார்த்தீர்களா என்கிற மாதிரி எல்லோரையும் பார்த்தான்.

பிறகு மரத்துப் பக்கம் உடைத்தேன். இங்கே கான்கிரீட் ஈரமாக இருந்தது. கம்பியை எட்டியபோது கறுப்பு இல்லை, சாம்பலும் வெள்ளையுமாக இருந்தது. உளியைக் கீழே வைத்துவிட்டு விரலால் தொட்டேன். நூல் நூலாகப் பிரிந்து விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கொக்கியைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். எதிர்ப்பே இல்லாமல் கையில் வந்துவிட்டது. அதைத் தூக்கி எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பிடித்தேன். அறிவரசன் வாசலைவிட்டு நாலு எட்டு பின்னால் போய் நின்றான்.

வெற்றிச்செல்வி என் கையிலிருந்து அதை வாங்கி ஒரு கவரில் போட்டார். பதினெட்டுக் கம்பியும் சேர்ந்து இதுவரை மொத்த மேடையையும் இழுத்துப் பிடித்திருக்கின்றன, அறுநூறு கிலோ இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால் பிடித்திருக்க முடியாது என்றார். கம்பியில் குற்றமில்லை என்று ரிப்போர்ட்டில் எழுதுவேன் என்றார். அப்போதுதான் முதல்முறையாக என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு ரசீது கேட்டேன், நீங்க குடுக்கல. அதுக்கப்புறம் நானும் கேக்கல. ரெண்டு பேர் பேரையும் எழுதுறேன்."

எனக்கு அழுகை வந்தது. அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நெற்றியில் துண்டை அழுத்திப் பிடித்தபடி தர்மன் இத்தனையையும் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தான். வெளியே மேடையில், மரத்து நிழலில், அவன் நாற்காலி அப்படியே கிடந்தது. அதில் ஒரு சின்னத் தலையணை. செங்கமலம் இடுப்புக்கு வைத்துக்கொள்வதற்காக அவன் வாங்கி வைத்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டான்.

"இன்னைக்குத்தான் தெரிஞ்சுதா மாமா, இல்ல அன்னைக்கே தெரியுமா?"

இன்றைக்குத்தான் என்று சொல்லியிருக்கலாம். சுண்ணாம்பு டிரம், முறிந்த கம்பி, நான் ஓடி வந்த கதை, எல்லாம் அதற்குச் சாட்சி சொல்லும். அவன் நம்பியிருப்பான். நம்பத்தான் ஆசைப்பட்டான், அது அவன் கண்ணிலேயே தெரிந்தது. காலையிலிருந்து தேடிய சாக்குகளில் இதைவிட நல்ல சாக்கு எனக்குக் கிடைத்திருக்காது.

"வளைக்கும்போதே உள்ள நொறுங்குற சத்தம் கேட்டுச்சு மாப்ள. கேட்டுக்கிட்டேதான் பன்னண்டையும் வளைச்சேன்."

அவன் சுவரில் மாட்டியிருந்த பையை எடுத்துத் தோளில் போட்டான். போனை எடுத்து நேரம் பார்த்தான். பன்னிரண்டரை. செங்கமலம் சோற்றுத் தூக்கோடு வருகிற நேரம். அவளை ரோட்டிலேயே நிறுத்துவதற்காக வேகமாக நடக்க ஆரம்பித்தவன், கொஞ்ச தூரம் போனதும் ஓடினான்.

அவன் ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பான் என்று வாசலிலேயே நின்றேன். பார்க்கவில்லை. உளியை எடுத்துக்கொண்டு மிச்சம் பதினொன்றையும் உடைத்துக் காட்டக் குனிந்தேன்.